ஆளுக்கு இரண்டு ஜிபி

வட்டில் மிச்சம் எண்பத்தாறு ஜிபி.
சாலை அலுவலகத்தில் ஆட்கள் நாற்பத்து மூன்று.
வகுத்தேன். மீதியில்லாமல் இரண்டு வந்தது.
இந்தச் சட்டத்துக்குப் பின்னால்
வேறு தத்துவம் எதுவும் இல்லை.

செவ்வாய் இரவு. கார்ட்லாவில் மைனஸ் பதினேழு.
தீவிலேயே ஜன்னல் திறந்திருந்த ஒரே அறை
சர்வர் அறையாகத்தான் இருக்கும்.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினேன்:
எண்பது சதவீதத்தில் ஓர் எச்சரிக்கை,
தொண்ணூற்றைந்தில் இன்னொன்று, கொஞ்சம் குரல் உயர்த்தி,
நூறில் கதவடைப்பு.
சேமித்தேன்.
வீட்டுக்குப் போய் பட்டாணி சூப் குடித்தேன்.

காலையில் ஐந்து பேர் திட்டினார்கள்.
படகு விற்ற கடிதங்களை அழிக்கவே மாட்டேன் என்ற மேலிஸ்
மதியத்துக்குள் அழித்துவிட்டார்.
கணக்குப் பிரிவு ஊர்வே மட்டும் வாய் திறக்கவில்லை.
அவள் பெட்டியில் ஆறு புள்ளி நான்கு.
எச்சரிக்கை போவதற்குள்ளேயே
கதவு அடைந்துபோன பெட்டி.

வெள்ளிக்கிழமை வம்போலா வந்தான்,
உறைகடல்மேல் இருபத்தாறு கிலோமீட்டர்,
விதிப்படி சீட் பெல்ட் போடாமல்.
நான்காய் மடித்த ஒரு தாளை என் மேசையில் விரித்தான்.
*பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது.
உங்கள் கடிதம் ஏற்கப்படவில்லை.*

"இதை அவங்க சொன்னாங்களா, மெஷினா?"
மெஷின்.
"மெஷினுக்கு யார் சொன்னது?"
நான்.

தொப்பியைக் கழற்றினான். தரையெல்லாம் ஈரம்.
"இரண்டு எங்கேயிருந்து வந்தது, த்ரீனு?"
எண்பத்தாறையும் நாற்பத்து மூன்றையும் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"நானும் இரண்டுன்னுதான் பலகை நடறேன். இரண்டு டன்.
ஆனா தலையை எண்ணி வகுக்கறதில்ல.
துளை போடறேன், அளவுகோலை இறக்கறேன்,
எவ்வளவு தாங்குவேன்னு அதைக் கேட்டுட்டு எழுதறேன்."

நான் துளை போட்டுப் பார்க்கவில்லை.

ஊர்வே தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.
பதினொரு குளிர்காலம். எழுநூற்றுச் சொச்சம் படங்கள்,
ஒவ்வொன்றும் எட்டு எம்பி, சுருக்கத் தெரியாதவன்.
ஒரே துளை, ஒரே அளவுகோல்:
பதினெட்டு சென்டிமீட்டர், இருபத்திரண்டு, முப்பத்தொன்று.
ஓரத்தில் ஒரு கையுறை.
பழுப்பு, அப்புறம் கறுப்பு, ஒரு வருடம் முழுக்க
இரண்டும் வேறு வேறு நிறம்.
ஒரு மார்ச் மாதத்தில் நாயின் பாதம்.
படங்களை யாரும் கேட்டதில்லை.
அளவை அவன் தொலைபேசியில் சொல்லிவிடுவான்,
சாலை திறக்க அது போதும்.

எல்லாவற்றுக்கும் கீழே அவள் பதில்,
எழுநூற்றுச் சொச்சம் முறை:
பார்த்தேன்.

நேற்றைய பனியின்மேல் இன்று யாரும் வண்டி ஓட்டப்போவதில்லையே,
பழைய அளவு எதற்கு என்று கேட்டேன்.
கேட்க வேண்டியது என் வேலை.
"ஓட்டறதுக்கு இல்ல" என்றாள்.
வம்போலா ஜன்னல் வழியே
தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் மென்பொருளில் ஒரு விசித்திரம் உண்டு.
எல்லை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால்
ஒன்றுமே வைக்கக்கூடாது என்று அர்த்தமில்லை;
எவ்வளவும் வைக்கலாம்.
அன்று மாலை ஊர்வேயின் பெயருக்கு எதிரே
இரண்டை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.
இனி எண்பத்தாறு வகுபடாது.
மேலிஸுக்குத் தெரிந்தால் படகைப் பற்றித் தொடங்குவார்.

கடிதங்களை நான் படிப்பதில்லை.
எனக்குத் தெரிவது பதிவேட்டில் நேரமும் எடையும் மட்டும்.
திங்கட்கிழமை,
எட்டு பன்னிரண்டு: உள்ளே, எட்டு புள்ளி மூன்று எம்பி, ஏற்கப்பட்டது.
எட்டு பதினாறு: வெளியே, ஒரு கேபி.